தேவகுமாரியின் சுத்தபோசனம்

எங்கள் அண்ணி தேவகுமாரியைப் பற்றி நாகலூரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அப்புறம் "எப்பேர்ப்பட்ட பக்தி" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்தி இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அந்தப் பக்தியோடு கூட தினம் ஒரு டம்ளர் மோரும் குடித்திருந்தால் இன்றைக்கும் அவள் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு காப்பி எஸ்டேட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பாள். இதைச் சொன்னால் ஊரில் என்னை வாயாடி என்பார்கள். என் பெயர் ரூபி, வாயாடி என்று பெயர் எடுத்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.

முறைக்குத்தான் அவள் எனக்கு அண்ணி. என் அண்ணன் மனுவேலைக் கட்டுவதற்கு முன்பே மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. ஊருக்கு முன்னால் அண்ணி என்பேன், வீட்டுக்குள் தேவாதான். அண்ணன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். நான் ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் போனபிறகு அவர்கள் வீட்டை ஒட்டியே எனக்கும் ஒரு அறை போட்டுக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு சுவர்தான். அவள் அங்கே தாளித்தால் எனக்கு இங்கே தும்மல் வரும்.

அவர்களுக்கு ஒரே பெண், ஃபெபி. அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் தேவா ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டிபோட்டு, சாமிக்கு நேர்ந்துகொண்டு ஒரு பொருத்தனை செய்தாள்.

"சாமி, எம்புள்ளய எந்திரிச்சு உக்கார வெய்யி. நான் சாகற மட்டும் சுத்தபோசனம் இருக்கறன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தவக்காலம் வந்தால் எங்கள் ஆட்கள் கறி, மீனை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குத்தான் சுத்தபோசனம் என்று பெயர். ஈஸ்டர் வரைக்கும்தான் அது. ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும், விட்டதையெல்லாம் வட்டியோடு பிடித்துவிடுவார்கள். ஆனால் தேவாவின் அப்பா உபதேசியார், சாமியார் வராத மலைக் கிராமங்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் காலத்துச் சுத்தபோசனத்தில் முட்டையும் கிடையாது, பால், தயிர், நெய்யும் கிடையாது என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்திருந்தார். அவர் மகள் அரைகுறையாகச் செய்வாளா? ஆடு, கோழி, மீன், முட்டை, பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் தலைமுழுகினாள்.

மறுநாள் காலையில் ஃபெபி கண் விழித்து பிஸ்கட் கேட்டாள்.

"டாக்டரு குடுத்த ஊசி வேலை செஞ்சுருச்சு" என்றான் அண்ணன்.

"ஊசி குடுத்தது டாக்டருங்க. மூச்சுக் குடுத்தது யாருங்க?" என்று தேவா திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் கணக்கு ஒன்றே ஒன்றுதான். தன் தட்டில் கறியும் பாலும் விழாத வரைக்கும் மகள் உயிரோடு இருப்பாள்.

வீட்டில் அவளுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கும் பிள்ளைக்கும் கோழி வறுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தனக்குக் களியும் கீரையும் எடுத்துக்கொள்வாள். பால் விடாத வரக்காப்பிதான் குடிப்பாள்.

"இப்புடிக் கறியுமில்லாம பாலுமில்லாம என்னத்தத் தின்னு பொழைப்ப?" என்று கேட்டேன்.

"ஏன், ஆனையெல்லாம் கறி தின்னா அவ்வளவு பெருசா ஆச்சு?"

"ஆனை ஒரு நாளைக்கு எவ்வளவு திங்குதுன்னு பாத்தயா? நீ ரெண்டு உருண்டையில எந்திரிச்சுக்கற."

சிரிப்பாள். சொல்லக்கூடாது, அடுத்த சில வருடங்கள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். எனக்கே வயிற்றெரிச்சல். கொள்ளு ஒரு நாள், மொச்சை ஒரு நாள், சாமைச் சோறும் தட்டைப்பயறும் ஒரு நாள் என்று வேளைக்கு ஒன்றாகச் செய்வாள். பலாக்கொட்டை போட்டு அவள் வைக்கிற குழம்பைச் சாப்பிட்டால் கறி எதற்கு என்று தோன்றும். முன்பெல்லாம் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவாள், பிரஷரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் இறங்கிவிட்டது. சதை கரைந்து உடம்பு சிக்கென்று ஆனது. எஸ்டேட்டில் நடந்த மெடிக்கல் கேம்பில் டாக்டரம்மா அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார்கள். அதே வரிசையில் நின்ற எனக்குச் சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு முழுக்க அவள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

கீரையையும் பருப்பையும் நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பிள்ளைகள் சைவம்தான். பாலும் தயிருமாகக் குடித்து, குதிரைமாதிரி ஓடுகிறார்கள். தேவா அதையும் விட்டதில்தான் வந்தது வினை. அது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது, பாராட்டின டாக்டரம்மாவிடம் தான் பாலே குடிப்பதில்லை என்று அவளும் சொல்லவில்லை. பொருத்தனையை வெளியே சொன்னால் பெருமை பேசினமாதிரி ஆகிவிடும் என்று நினைப்பு.

முதலில் நாக்கு. மிளகாய் பட்டால் எரிகிறது என்றாள். நீட்டச் சொல்லிப் பார்த்தேன், சிவந்து வழவழவென்று இருந்தது. வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றேன், குடித்தாள். முகம் வெளுத்திருந்ததால் எஸ்டேட் நர்சம்மா ஊருக்கெல்லாம் கொடுக்கிற ரத்தசோகை மாத்திரையை அவளுக்கும் கொடுத்தார்கள். முகத்தில் ரத்தம் ஊறியது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் ஒரு மழைக்காலம். தோட்டத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். செருப்பு முழுக்க ரத்தம். விரலிடுக்கில் இரண்டு அட்டைகள் திராட்சைப்பழம்மாதிரி உப்பித் தொங்கிக்கொண்டிருந்தன. மழையில் தோட்டத்துக்குப் போனால் அட்டை கடிக்காமல் இருக்காது, ஆனால் ஏறும்போதே சுரீரென்று தெரியும், தட்டிவிடுவோம். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏண்டி, காலு உன்னுதுதானா?" என்று கேட்டேன்.

"குளுருல மதமதன்னு கெடந்துச்சு, தெரியல போ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். உப்பு வைத்து அட்டையை எடுத்துப் போட்டேன்.

அந்த மதமதப்பு கால் விரலிலிருந்து கைவிரலுக்கு ஏறியது. காப்பி பறிக்கும்போது பழத்தோடு காயையும் சேர்த்து உருவ ஆரம்பித்தாள். மேஸ்திரி திட்டினார். இதற்குமுன் அவரிடம் ஒரு சொல் கேட்டவள் இல்லை அவள்.

கோயிலில் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடி ஜெபிப்பார்கள். கண்ணை மூடியதும் தேவா ஆடுவாள். முன்னும் பின்னுமாக, காற்றில் சில்வர் ஓக் மரம் ஆடுகிறமாதிரி ஆடுவாள். ஒரு தடவை அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள். பரிசுத்த ஆவி அவள்மேல் இறங்கிவிட்டார் என்று சுற்றி நின்றவர்கள் தோத்திரம் சொன்னார்கள். கொட்டச்சேடு, செம்மநத்தத்திலிருந்தெல்லாம் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிள்ளையின் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். பொருத்தனைக்குக் கிடைத்த வரம் என்று அவளும் நம்பினாள். நோய் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தது, ஊர் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தது.

ஃபெபி வளர்ந்து, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி லேப் டெக்னீஷியன் படிக்கப் போனாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு யார் பேச்சையும் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் அண்ணனும் போனோம்.

டாக்டர் தேவாவை நிற்க வைத்து, காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினாள். ஆடினாள். அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஜெபத்துலயும் இப்புடித்தானுங்க டாக்டரு வரும்" என்றான் அண்ணன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணத் தொறந்திருக்கும்போது தரையைப் பாத்து நிக்கறாங்க. மூடுனா காலு எங்க இருக்குதுன்னு மூளைக்குத் தெரியல. நரம்பு போயிட்டிருக்குதுங்க" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். பி12 என்கிற சத்து அவள் உடம்பில் துடைத்து எடுத்தமாதிரி இல்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சைவம் நல்ல சாப்பாடுதான், இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் இந்த ஒரு சத்து கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது. பால், தயிர், முட்டை எடுத்தால் வரும். அதுவும் வேண்டாம் என்கிறவர்கள் மாத்திரையாவது போட வேண்டும். பழைய இருப்பை வைத்து உடம்பு சில வருடம் ஓட்டிவிடும், தீர்ந்தபிறகுதான் காட்டிக்கொடுக்கும். ரத்தசோகை மாத்திரை முகத்து வெளுப்பை மறைத்துவிட்டது, நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் அடுத்தடுத்து ஊசி, அப்புறம் மாதம் ஒரு ஊசி. விடக்கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார்.

"பாலும் முட்டையும் ஆவாதுங்க. ஊசின்னா போட்டுக்கறனுங்க" என்றாள் தேவா. ஊசி தின்கிற பொருள் இல்லையே.

ஊசி போட்டதும் ஆள் மாறிவிட்டாள். நாக்கு எரிச்சல் போனது. பொங்கல் கழிந்து ஒரு நாள், சுவரைப் பிடிக்காமல் என் வாசல் வரைக்கும் நடந்து வந்து, "பாத்தயா ரூபி?" என்று நின்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் கிண்டல் பண்ணினாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

மாதா மாதம் அவளே பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் சின்னையன் இருந்தார். பழைய காலத்தில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். என்ன ஊசி என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள்.

"ஓ, அதா? எங்க காலத்துல இதுக்கு ஈரல் ஊசிதானுங்கம்மா. ஆட்டு ஈரல், மாட்டு ஈரல்லருந்து சத்து எடுத்து ஊசியில போட்டு வெச்சிருப்பாங்க. நானே எத்தன பேருக்குக் குத்தியிருக்கறன்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பல வருடங்களுக்கு முந்தைய உண்மை. இன்றைக்கு ஈரலுக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே கிடையாது. அது அவருக்கும் தெரியவில்லை. மாட்டு ஈரலை நரம்பில் ஏற்றிக்கொண்டோமே என்று தேவா பயந்துபோனாள். அந்த வாரமே ஃபெபிக்கு ஹாஸ்டலில் டைபாய்டு வந்தது. அவ்வளவுதான், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். தான் பொருத்தனையை முறித்ததால்தான் மகள் மறுபடி படுக்கையில் விழுந்தாள் என்று முடிவே கட்டிவிட்டாள். ஃபெபி மாத்திரை தின்று எழுந்துவிட்டாள். ஆனால் தேவா யாரிடமும் மூச்சு விடாமல் ஊசியை நிறுத்திவிட்டாள்.

மாதா மாதம் பஸ் மட்டும் ஏறுவாள். ஊசிக்குப் போகாமல், மாதா சுரூபம் வைத்த குகைமாதிரியான கெபியில் போய் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் திரும்பி வந்து, "போட்டாச்சா?" என்று கேட்டால் தலையாட்டுவாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும். பிள்ளை உயிர் என்று வந்தால் எந்த அம்மாவுக்குத்தான் தெரியாது?

மறுபடி சுவரைப் பிடித்தாள். ஊசி போட்டும் இப்படித்தான் இருக்கும்போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அடுத்த காப்பி அறுவடையில் அவளைத் தோட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாசி மாதம் ஒரு சாயங்காலம் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். தூக்கி நிறுத்தினோம், நிற்கவில்லை. இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய காலையோ ஒட்டவைத்தமாதிரி துவண்டது.

சேலத்தில் அதே டாக்டர். ரத்தத்தைப் பார்த்தார். "ஊசி போடறீங்களா?" என்று கேட்டார்.

"மாசம் தவறாம போட்டுட்டு வர்றாங்க சார்" என்றாள் ஃபெபி.

"இல்லியேம்மா" என்றார் டாக்டர்.

நாங்கள் மூன்று பேரும் தேவாவைப் பார்த்தோம். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஈரல் கதையைச் சொன்னாள்.

"அம்மா, அது ஈரலே இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமிய வளத்து, அதுலருந்து எடுக்கறது. தயிரு ஒறையறதில்லையா, அந்த மாதிரி. அதுல ஆடுமில்ல மாடுமில்ல. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள் ஃபெபி.

"எதுவா இருந்தாலும் இனி வேண்டாங் கண்ணு. ஊசி போட்டதுக்கு நீ படுத்த. எனக்குக் காலு போனாப் போயிட்டுப் போவுது. நீ இருக்கோணும்" என்றாள் தேவா.

தண்டுவடம் வரைக்கும் பாதித்துவிட்டது, போன நடை முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போதே ஆரம்பித்தால் கையையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்றார். கையைப் பிடித்து ஊசி குத்த அவள் என்ன குழந்தையா? பிடிவாதமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். "பொருத்தனைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்குதும்மா. சுத்தபோசனத்துக்குப் பதிலா தினம் ஒரு ஜெபமாலை சொல்லுங்க, போதும்" என்றார்.

"உங்களுக்கு அதிகாரம் இருக்குதுங்க சாமி. எம்புள்ள உசுரு உங்க கையிலயா இருக்குது?" என்று கேட்டாள். எனக்குச் சாமியார்மேல் பரிதாபமாக இருந்தது, அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அறைந்திருப்பேன். அறைந்தால் விழுந்துவிடுவாளே என்றுதான் விட்டேன்.

ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து வந்து நான்தான் பிரியாணி செய்தேன். தேவாவைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஃபெபி அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தட்டில் போட்ட பிரியாணியையும் முட்டையையும் தள்ளி வைத்தாள். அம்மாவின் தனிச் சட்டியை எடுத்து, அதிலிருந்த கீரையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"என்ன கண்ணு பண்ற?" என்றாள் தேவா.

"பொருத்தனை என் உசுருக்குத்தான? அப்ப அது என்னுது. உன்னால ஆன மட்டும் நீ இருந்துட்ட. இனி நான் இருக்கறன். கறி, முட்டை, பாலு, மோரு ஒண்ணும் வேண்டாம். ஊசியும் போட்டுக்கமாட்டன். நீ என்னிக்குப் பாலு குடிச்சு ஊசி போட்டுக்கறயோ, அன்னிக்குத்தான் நான் கறி திம்பன்."

"சாமி, அப்புடிப் பேசாத கண்ணு. உனக்கும் என்னைய மாதிரி ஆயிரும்."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பிசைந்தாள்.

மகள் சாப்பிடுவதையே தேவா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் அன்றைக்குப் பார்த்த பயத்தை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்கூடப் பார்க்கவில்லை. ஃபெபி எழுந்து தட்டைக் கழுவப் போனபோது, தேவா அவளுடைய காலைப் பார்த்தாள். அவள் நடந்து போவதையும் திரும்பி வருவதையும் பார்த்தாள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு, "ஏனுங்க, ஊட்டுல பாலு இருக்குதுங்களா?" என்று தேவா அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் அடுப்படிப் பக்கமே போகாதவன். அவள் மனசு மாறிவிடப்போகிறது என்று ஓடினான். அவனே பாலைக் கொதிக்க வைத்தான், ஆற்றக்கூட இல்லை, அப்படியே டம்ளர் முட்ட ஊற்றினான். எவர்சில்வர் டம்ளர். தோளில் கிடந்த துண்டால் சுற்றிப் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினான். தேவா இரண்டு கையாலும் வாங்கி, டம்ளரை மடியில் வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

ஆவி பறந்துகொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் உள்ளங்கை ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பாகியிருந்தது. பாய்ந்துபோய் டம்ளரைப் பிடுங்கினேன். என் விரல் பொசுங்கிவிட்டது, பால் கட்டிலெல்லாம் சிந்தியது. ஃபெபி ஓடிவந்து அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது.

தேவா கண்ணைத் திறந்து எங்களை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"ஏன் ரூபி புடுங்கற? குடு, நான் குடிச்சுர்றன். அவ காலையிலருந்து வெறும் கீரையத்தான் தின்னுருக்கறா."